நான் பார்க்காத குழி

காட்பாடியிலிருந்து குடியாத்தம் போகிற சாலையில், லத்தேரிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே, ஒரு கட்டடம் இருக்கிறது. கீழே நாலு கடை, மேலே ஒரு வீடு. பார்க்க விசேஷமாக ஒன்றும் இருக்காது. பஸ்ஸில் போகிறவர்கள் அதன் நெற்றியில் இருக்கும் சிமென்ட் கம்பெனி விளம்பரத்தைத்தான் பார்ப்பார்கள்.

அந்தக் கட்டடத்துக்கு மண்ணுக்குள் 12 பூட்டிங், அதாவது பில்லரைத் தாங்குகிற கான்கிரீட் அடித்தளம், இருக்கிறது. அதில் 11 எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எத்தனை அடி ஆழம், அடியில் என்ன மண், எந்தக் குழியில் தண்ணீர் கசிந்தது, எதில் கம்பி வலை ஒரு பக்கம் சாய்ந்து மறுபடி தூக்கி வைத்தோம், எல்லாம். பன்னிரண்டாவது எப்படி இருக்கும் என்று மேஸ்திரிக்குத்தான் தெரியும். அவர் 2021-இல் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் சைட் ரிஜிஸ்டரில் பன்னிரண்டுக்கும் நேராக இருப்பது என் கையெழுத்து.

அது என் முதல் வேலை.

2011-இல் பி.இ. சிவில் முடித்தேன். அப்பா குடியாத்தத்தில் லுங்கி நெய்கிறவர். வகுப்பில் பாதிப் பேர் கேம்பஸில் சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போனார்கள். சிவில் படித்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை, கம்பெனியும் கேட்கவில்லை. எனக்கு மூன்று கம்பெனியிலும் கிடைக்கவில்லை. ஆறு மாதம் வீட்டில் இருந்துவிட்டு, டிசம்பரில் வேலூரில் ஒரு கான்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியராகச் சேர்ந்தேன். மாதம் 7,500 ரூபாய். அதுவும் ஐந்தாம் தேதி பாதி, இருபதாம் தேதிக்கு மேல் மீதி. "நாலு வருஷம் படிச்சிட்டு மேஸ்திரி வேலைக்கா போற?" என்றார் அப்பா. கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. மேஸ்திரிக்கு அப்போது நாள் கூலியைக் கணக்குப் போட்டால் மாதத்துக்கு என்னைவிட இரண்டு மடங்கு வந்தது என்பதைச் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதை வீட்டில் சொல்லவில்லை.

முதல் வாரம் நான் செய்த ஒரே வேலை டேப் பிடித்தது.

மார்க்கிங் நடந்துகொண்டிருந்தது. பில்லர் நடுவிலிருந்து நடு வரை ஒரு பக்கம் 30 அடி, இன்னொரு பக்கம் 40 அடி. சைட்டில் இருந்த டேப்புக்கு முனையில் வளையம் பிய்ந்து, முதல் ஒரு அடி கிழிந்து தொங்கியது. அதனால் ஒன்றாவது அடிக் கோட்டை ஆணியில் வைத்துப் பிடிக்க வேண்டும். மறுமுனையில் இருக்கிறவர் 41 என்று படித்து 40 என்று கொள்ள வேண்டும். "ஒண்ணுல புடிச்சா ஒண்ணுன்னு சத்தமா சொல்லணும் சார்" என்று மேஸ்திரி முதலிலேயே சொல்லியிருந்தார். 30 அடிப் பக்கம் அளக்கும்போது சொன்னேன். 40 அடிக்கு வரும்போது வெயில் ஏறிவிட்டது, எதிர்ப்பக்கம் நின்ற பையன் ஏதோ கேட்டான், சொல்ல மறந்துவிட்டேன். இரண்டு நீளப் பக்கத்துக்கும் மறந்தேன். மறுமுனையில் இருந்த ஆள் நேராக 40-இல் ஆணி அடித்துவிட்டார்.

பிறகு குறுக்கு பார்த்தோம். மூலைக்கு மூலை இரண்டு குறுக்கும் சமமாக வந்தது. நான் சந்தோஷமாக, "மூலை சரியா இருக்கு மேஸ்திரி" என்றேன். எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்து, குறுக்கு இரண்டும் சமமாக இருந்தால் நாலு மூலையும் செங்கோணம். அதுதானே பாடம்.

மேஸ்திரி டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா சார் சரி? 49-ம் ரெண்டரை அங்குலமும் நிக்குது. 30-க்கு 40 போட்டா குறுக்கு 50 வரணும். எவனோ ஒரு அடியைத் துன்னுட்டான்."

துன்றவன் நான்தான். மூலை எல்லாம் சரியாகவே இருந்தது, கட்டடம்தான் ஒரு அடி குட்டை. 30, 40, 50 என்று மூன்று நான்கு ஐந்தைப் பத்தால் பெருக்கி எட்டாம் வகுப்பிலிருந்து எனக்குத் தெரியும். தெரிந்தது எதுவும் டேப் பிடிக்கும்போது கைக்கு வரவில்லை.

இந்த இடத்தில் படிக்காத மேதை கதை சொல்லப் போகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கதையை எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வார்கள், பாதிதான் உண்மை. அந்த மேஸ்திரிக்குத் தெரியாத விஷயங்களும், தெரிந்தும் செய்ய மறுத்த விஷயங்களும் நிறைய. கம்பியைத் தரையில் படாமல் தூக்கி நிறுத்துகிற கவர் பிளாக் என்ற சின்னக் கட்டையை அடியில் வைக்கச் சொன்னால் ஒரு ஜல்லிக்கல்லைச் செருகிவிட்டு "ஆச்சு" என்பார். பூட்டிங்கில் அடிக்கம்பிக்கு 50 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மண்ணின் ஈரம் கம்பியைத் தின்றுவிடும் என்று சொன்னால், "எங்கப்பா கட்டின வூடு கீது, போய்ப் பாருங்க" என்பார். அவர் அப்பா கட்டிய வீட்டில் கம்பியே கிடையாது. சுண்ணாம்பும் செங்கல்லும்.

நானும் ஒரு நாள் ஜெயித்தேன். கம்பி லோடு வந்தது. 12 எம்.எம்., 2 டன் என்று பில். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதையே அதால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். இது சிவில் படித்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் 162 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் முழிப்பார்கள். ஒரு கன மீட்டர் எஃகு 7,850 கிலோ, வட்டத்தின் பரப்பு, இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்த 162 வந்து நிற்கும். 12 எம்.எம். கம்பி மீட்டருக்கு 0.889 கிலோ. ஒரு கம்பி 12 மீட்டர் நீளம், அப்போது 10.67 கிலோ. எண்ணினேன். 170 கம்பி. 1,813 கிலோதான் வருகிறது. கம்பி எடையில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் நூற்றுக்கு ஒன்பது பங்குக்கு மேல் இடிப்பது அந்தக் கணக்கில் வராது. கான்ட்ராக்டர் போனில் பத்து நிமிடம் கத்தினார். மறுநாள் இன்னொரு கட்டு வந்து இறங்கியது. அன்றைக்கு மத்தியானம் எனக்கு ஆம்பூர் பிரியாணி வாங்கித் தந்தார். சம்பளம் மட்டும் அந்த மாதமும் இரண்டு தவணைதான்.

குழிக்கு வருகிறேன்.

வேலூர்ப் பக்கத்து மண்ணைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். பாலாற்று ஓரம் தோண்டினால் மணல், களிமண், திரும்ப மணல். ஆற்றை விட்டுக் கொஞ்சம் தள்ளி மலை அடிவாரத்துக்கு வந்துவிட்டால் ஒரே மனைக்குள் இந்த மூலையில் ஆறடிக்கு மொரம்பு என்கிற சரளை மண், அந்த மூலையில் மூன்றடியில் பாறை. எங்கள் மலைகளைப் பார்த்திருப்பீர்கள். யாரோ உருண்டைக் கற்களை அள்ளிக் கொட்டிக் குவித்த மாதிரி இருக்கும். யாரும் கொட்டவில்லை. பாறை, வெடிப்புகளின் வழியாகத் தண்ணீர் இறங்கி இறங்கி, ஓரமெல்லாம் மக்கி மண்ணாகி, நடுவில் இருக்கிற கெட்டியான பகுதி மட்டும் உருண்டையாக மிஞ்சும். மலை மேல் மண்ணை மழை அடித்துக்கொண்டு போய்விட்டது, உருண்டைகள் தெரிகின்றன. கீழே சமவெளியில் மண் அப்படியே இருக்கிறது, உருண்டைகள் அதற்குள்ளே புதைந்து கிடக்கின்றன.

இங்கேதான் சிக்கல். குழி தோண்டும்போது கடப்பாரை "ணங்" என்றால், அது தாய்ப்பாறையா, உருண்டையா? தாய்ப்பாறை என்றால் கொண்டாட்டம். அதைவிட நல்ல அஸ்திவாரம் கிடையாது, ஆறடி போக வேண்டியதில்லை, நாலடியிலேயே நிறுத்திக்கொள்ளலாம். உருண்டை என்றால் ஆபத்து. அதன் மேல் பூட்டிங் போட்டால் பந்தின் மேல் பலகை வைத்து ஏறி நிற்கிற கதை. கீழே இருக்கும் மக்கிய மண் ஒரு பக்கம் இறங்கினால் உருண்டை சாயும், பில்லரும் கூடவே சாயும். குழிக்குள் இருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே மாதிரி சாம்பல் நிறத்தில், ஒரே மாதிரி கெட்டியாகத்தான் இருக்கும். ஓரம் எங்கே வளைகிறது என்று தேட வேண்டும். கடப்பாரையால் பல இடத்தில் தட்டிச் சத்தம் கேட்க வேண்டும். சந்தேகம் இருந்தால் துளை போட்டுப் பார்க்க வேண்டும்.

முதல் 11 குழியில் 10 மொரம்பு. பிளானில் ஏ-2 என்று குறித்திருந்த குழியில் மட்டும் ஒரு உருண்டை வந்தது. இரண்டு நாள் வேலையை நிறுத்தி, கல் உடைக்கிறவர்களைக் கூட்டி வந்து பிளந்து எடுத்தோம். குழிக்குள் இறங்கி ஒவ்வொன்றின் ஆழத்தையும் நானே அளந்தேன். பாக்கெட் நோட்டில் பென்சிலால் எழுதினேன். பேனா வேண்டாம், வியர்வை பட்டால் எழுத்து கரைந்துவிடும் என்று சொன்னவர் ஒரு சித்தாள் அக்கா. அவருக்கு எழுதத் தெரியாது. முன்னாடி இருந்த இன்ஜினியரின் நோட்டு கரைந்ததைப் பார்த்திருக்கிறார்.

மிச்சம் கிழக்கு மூலை, சி-4.

அந்த வெள்ளிக்கிழமை நான் சைட்டுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று போன் பண்ணிவிட்டு, காட்பாடியில் விடியற்காலை ரயிலைப் பிடித்துச் சென்னைக்குப் போனேன். ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஆள் எடுப்பதாக நண்பன் சொல்லியிருந்தான். வரிசையில் நின்று, இரண்டு சுற்று எழுதி, மறுநாளும் வரச் சொன்னார்கள். மறுநாளும் போனேன். சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு ஒரு பெண் வந்து பட்டியல் படித்தார், என் பெயர் அதில் இல்லை. திரும்பி வரும் ரயிலில் வாலாஜா ரோடு ஸ்டேஷனைத் தாண்டியது நன்றாக நினைவிருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து இந்த ஊருக்குத்தான் ஓடியது என்று கல்லூரியில் ஒரு ஆசிரியர் அடிக்கடி சொல்வார், சிவில் இன்ஜினியருக்கு மரியாதை இருந்த காலம் என்று. அன்றைக்கு அதை நினைத்து எரிச்சல்தான் வந்தது.

திங்கட்கிழமை போனால் சி-4 குழி இல்லை. அடிக்கான்கிரீட் போட்டு, கம்பி வலை வைத்து, பூட்டிங் ஊற்றி, பில்லர் கம்பியைத் தலைக்கு மேல் நிறுத்தி, மண்ணும் தள்ளி மூடியாகிவிட்டது. இரண்டு நாளில். வீட்டுக்காரர் தை முடிவதற்குள் பேஸ்மென்ட் எழும்ப வேண்டும் என்று நெருக்கியிருக்கிறார்.

மேஸ்திரியிடம் கேட்டேனா என்றால், கேட்கவில்லை. "சி-4 முடிஞ்சுதா?" என்றேன். "முடிஞ்சுது சார்" என்றார். அவ்வளவுதான். காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டுப் போனவன், "நான் இல்லாதப்போ ஏன் மூடினீங்க?" என்று எந்த வாயால் கேட்பது? வங்கிக் கடனுக்கு ஆள் வந்து பார்ப்பார்கள் என்று கான்ட்ராக்டர் ரிஜிஸ்டரை நீட்டினார். பூட்டிங் எண், குழி ஆழம், அடிக்கான்கிரீட் கனம், கம்பி, சரிபார்த்தவர். நோட்டைப் பார்த்து 11-ஐ எழுதினேன். பன்னிரண்டாவதுக்கு மேலே இருந்ததைப் பார்த்து 6 அடி என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மூன்று வாரம் கழித்து டீ குடிக்கும்போது மேஸ்திரி தானாகவே சொன்னார். "மூலைக் குழியில பாறை வந்துச்சு சார். நாலரை அடியிலேயே நிறுத்திட்டேன்."

"பாறையா, உருண்டையா?"

"பாறைதான்."

"எப்படித் தெரியும்?"

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "முப்பது வருசமா தட்டிகினு கீறேன் சார். நீங்க வந்து பார்த்திருக்கலாமே. காய்ச்சலு இப்போ பரவால்லியா?"

அவருக்குத் தெரிந்திருந்தது. தினமும் ரயிலில் வரும் கம்பி கட்டுகிற பையன் வெள்ளிக்கிழமை காலையில் காட்பாடி பிளாட்பாரத்தில் என்னைப் பார்த்திருக்கிறான்.

அப்பாவின் தறியில் ஒரு இழை அறுந்தால் துணியில் தெரியும். வியாபாரி விரித்துப் பார்த்து, விரலால் தடவி, அங்கேயே விலையைக் குறைப்பான். எங்கள் வேலையில் அது கிடையாது. பூட்டிங்கை மண் மூடும், கம்பியைக் கான்கிரீட் மூடும், கான்கிரீட்டைப் பூச்சு மூடும், பூச்சைப் பெயின்ட் மூடும். புதிதாகச் சேர்ந்த பையனுக்குச் சைட்டில் என்ன வேலை என்று அப்பா கேட்டாரே, இப்போது கேட்டால் சொல்வேன்: மூடுவதற்கு முன்னால் போய்ப் பார்க்கிற வேலை. டிசைன் எங்கேயோ ஒருவர் போட்டுவிட்டார், கட்டுவது மேஸ்திரி, காசு வீட்டுக்காரருடையது. நடுவில் நமக்கென்று இருப்பது அந்த ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரத்தில் நான் சென்னையில் வரிசையில் நின்றிருந்தேன்.

அதன் பிறகு நான் கொஞ்சம் பைத்தியம் மாதிரி ஆனேன் என்றுதான் சொல்ல வேண்டும். எதையும் விடவில்லை. ரூஃப் கான்கிரீட் சமயத்தில் எல்லோருக்கும் என் மேல் வெறுப்பு வந்தது.

அது மே மாதம். கத்திரி. தண்ணியில்லா ஆறு, மரமில்லா மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று எங்கள் ஊரைப் பற்றி ஒரு கேலி உண்டு. கோயிலுக்கு 1981-இல் ஜலகண்டேஸ்வரர் திரும்ப வந்துவிட்டார். மற்ற மூன்றும் அப்படியே. மத்தியானம் 42 டிகிரி அடிக்கும்போது கான்கிரீட் போடுவது என்றால் என்ன என்று புத்தகத்தில் ஒரு பாராவில் முடித்துவிடுவார்கள். அனுபவித்துப் பார்த்தால்தான் தெரியும். ஜல்லியைக் கையில் எடுக்க முடியாது. தகரத் தட்டு சுடும். கலவை மெஷினிலிருந்து பாண்டுக்கு வந்து மேலே போவதற்குள் இறுகிவிடும். இறுகினால் தள்ளுவது கஷ்டம், கஷ்டமாக இருந்தால் ஆள் என்ன செய்வான்? இன்னொரு வாளி தண்ணீர் ஊற்றுவான். எம் 20 என்கிற தரத்துக் கலவைக்கு ஒரு மூட்டை சிமென்டுக்கு 30 லிட்டர் தண்ணீர்தான். கூடுதலாக ஊற்றுகிற தண்ணீர் பின்னால் ஆவியாகிப் போகும், போன இடமெல்லாம் ஓட்டை. பார்க்கக் கான்கிரீட் மாதிரியே இருக்கும், பலம் இருக்காது.

வாளிக்குள் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டேன். மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அதுவே பெரிய விஷயம். பிறகு, விடியற்காலை நாலு மணிக்கு ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்று ஒரு யோசனை சொன்னேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தபோது சித்தாள் அக்கா கேட்டார்: "நாலு மணிக்கு வந்தா வூட்ல சோறு எவ வடிக்கிறது சாரு?" அவருக்கு ஆண் ஆட்களைவிடக் கூலியும் குறைவு, வீட்டு வேலையும் அவர் தலையில். கடைசியில் ஐந்தரைக்கு என்று முடிவாயிற்று. எல்லோருக்கும் காலை இட்லி கான்ட்ராக்டர் செலவு. அதை வாங்குவதற்கு நான் கம்பிக் கணக்கை நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

பதினொன்றரைக்கு ஊற்றி முடித்தோம். இரண்டு மணிக்கு மேலே ஏறிப் பார்த்தால் தென்மேற்கு மூலையில் நண்டுக்கால் மாதிரி மெல்லிய வெடிப்புகள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கான்கிரீட் இறுகுவதற்குள் மேல்பரப்பின் ஈரத்தைக் காற்றும் வெயிலும் உறிஞ்சிக்கொண்டால் இப்படி வரும். ஆழமாகப் போகாது, ஆனால் விட்டால் மழைத் தண்ணீருக்கு வழி. மேஸ்திரி மணியாசுக்கட்டையை எடுத்துக்கொண்டு வந்து, இன்னும் இளகலாக இருந்த இடத்தையெல்லாம் அழுத்தித் தேய்த்து மூடினார். நான் சணல் சாக்குகளை நனைத்து நனைத்துக் கொடுத்தேன். இருவரும் பேசவில்லை. கான்கிரீட் வேலை முடிந்தது என்று எல்லோரும் போன பிறகு ஆறு மணி வரைக்கும் மேலேயே இருந்தோம்.

பிறகு தண்ணீர்ச் சண்டை. வெயிலும் வறட்சியுமான இடத்தில் கான்கிரீட்டைக் குறைந்தது 10 நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 456 சொல்கிறது. நாங்கள் போட்ட மாதிரி கலப்பு சிமென்ட் என்றால் 14 நாள் வைத்திருப்பது நல்லது. ரூஃப் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். காலையில் நிறுத்தினால் மத்தியானத்துக்குள் காணாமல் போகும். சைட் போர்வெல்லில் ஏப்ரலிலேயே காற்றுதான் வந்தது. டேங்கர் லாரி வாங்க வேண்டும். ஐந்தாவது நாளே, "செட் ஆயிடுச்சே, இன்னும் எதுக்குத் தண்ணி?" என்றார் கான்ட்ராக்டர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தெருவில் பெண்கள் குடத்தோடு நிற்கும்போது, பக்கத்தில் ஒரு லாரித் தண்ணீரை மொட்டை மாடியில் ஊற்றுகிறவனைப் பார்த்து ஊர் என்ன சொல்லும்? சொன்னார்கள். ஒரு பாட்டி என்னிடமே சொன்னார். கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரைக் குடித்து இறுகுகிறது என்று அந்தப் பாட்டிக்கு எப்படி விளக்குவது? இரண்டு குடம் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். மறுநாள் பத்துப் பேர் வந்தார்கள். கடைசியில் 12 நாள்தான் ஓட்ட முடிந்தது.

பீமுக்கு அடியில் முட்டு 14 நாள் இருக்க வேண்டும் என்பதற்கும் இப்படியே ஒரு சண்டை, சென்ட்ரிங் தகடு வாடகைக்காக. அதை விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. கத்தினேன், ஜெயித்தேன்.

ஆனால் எத்தனை ஜெயித்தாலும் மாலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கிழக்கு மூலைப் பில்லரைத்தான் பார்ப்பேன். தூக்குக்குண்டு எடுத்துப் போய், யாரும் இல்லாத நேரத்தில், இரண்டு முறை பிடித்துப் பார்த்திருக்கிறேன். நேராகத்தான் இருந்தது.

ஒன்றரை வருடத்தில் அந்த வேலையை விட்டுவிட்டு, ஓசூர், பிறகு பெங்களூர், திரும்ப வேலூர் என்று சுற்றினேன். 2021 நவம்பரில் பாலாறு வந்தது. 1903-க்கு அப்புறம் இப்படி வந்ததில்லை என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். வாழ்நாளில் பாதியை அந்த ஆற்றில் மணலும் முள்ளும் மட்டும் பார்த்தே கழித்தவர்கள் நாங்கள். கரையில் நின்று வாயைப் பிளந்து பார்த்தோம். அடுத்த மாதம் திருவலம் பக்கம் பொன்னை ஆற்று ரயில் பாலத்தில் பழுது கண்டுபிடித்து, காட்பாடி வழியாகப் போகிற ரயில்கள் பலவற்றை நிறுத்தினார்கள். தண்ணீர் பாலத்தைத் தள்ளிச் சாய்ப்பது குறைவு. தூணைச் சுற்றிச் சுழன்று அடி மண்ணை அரித்துவிடும், தூண் காலை இழக்கும். செய்தியைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது சி-4. அங்கே ஆறும் இல்லை, வெள்ளமும் இல்லை. இருந்தாலும் வந்தது. மேஸ்திரியிடம் ஒரு தடவை உட்கார்ந்து கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. விசாரித்தால், அவர் அந்த வருடம் மே மாதமே கொரோனாவில் போய்விட்டார் என்றார்கள்.

போன மாதம் பஸ்ஸில் போகும்போது அந்தக் கட்டடத்தின் மேல் சாரம் தெரிந்தது. இன்னொரு மாடி எழுப்புகிறார்கள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

சைட்டில் ஒரு பெண் இருந்தார். 23, 24 வயது இருக்கும். தலையில் ஹெல்மெட், கையில் டேப். ஆட்கள் "மேடம்" என்று கூப்பிட்டார்கள், பெரிய மேஸ்திரி மட்டும் "பாப்பா" என்றார். நான் யார் என்று சொன்னேன். அவர் பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் கட்டை எடுத்தார். வீட்டுக்காரர் கொடுத்திருக்கிறார். என் ரிஜிஸ்டர். என் கையெழுத்து 12 முறை, வரிசையாக.

"எல்லாம் 6 அடின்னு இருக்கு சார். அதை வெச்சுத்தான் புது மாடி லோடு செக் பண்ணியிருக்காங்க."

"11 தான் 6 அடிம்மா" என்றேன். "கிழக்கு மூலை நாலரை அடி. பாறை மேல உட்கார்ந்திருக்குன்னு மேஸ்திரி சொன்னாரு. நான் பார்க்கலை. பார்க்காம எழுதிட்டேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். ஒரு நொடி என்னைப் பார்த்தார், ஜெராக்ஸில் சி-4-க்கு நேராகப் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார், பிறகு போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்ப் பேசினார். திரும்பி வந்து, "வெள்ளிக்கிழமை தோண்டுறோம். வர்றீங்களா?" என்றார்.

வெள்ளிக்கிழமை. நான் வருகிறேன் என்றேன்.

பூட்டிங்கின் வெளிப்பக்கம் மட்டும் தோண்ட வைத்தார். நாலு பக்கமும் தோண்டினால் பிடிமானம் போய்விடும், அடிமட்டத்துக்குக் கீழே ஓர் அங்குலமும் இறங்கக் கூடாது என்று ஆட்களிடம் மூன்று தடவை சொன்னார். அந்த வயதில் எனக்கு அது தெரியாது. பத்தரை மணிக்குக் கடப்பாரை "ணங்" என்றது. மண்ணை வழித்து, துடைப்பத்தால் பெருக்கி, தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். சாம்பல் நிறப் பாறை. பூட்டிங்குக்கு அடியிலிருந்து வெளியே வந்து, குழியின் ஓரம் வரைக்கும் போய், மண்ணுக்குள் நுழைந்தது. வளையவில்லை.

அவருக்கு அது போதவில்லை. பூட்டிங்கிலிருந்து தள்ளி இரண்டு இடத்தில் கம்ப்ரசர் வைத்து ஐந்து அடிக்குத் துளை போடச் சொன்னார். உருண்டையாக இருந்தால் கொஞ்ச ஆழத்தில் ட்ரில் தொபுக்கென்று இறங்கும், தூள் பழுப்பாக மாறும். இரண்டிலும் கடைசி வரைக்கும் சாம்பல் தூள்தான் வந்தது. கம்ப்ரசர்காரர் மேலெல்லாம் வெள்ளையாக விபூதி பூசினவர் மாதிரி நின்றார்.

மேஸ்திரி சொன்னது சரி. பன்னிரண்டு வருடத்துக்கு மேலாக அவரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

மூடுவதற்கு முன்னால் அந்தப் பெண் போனில் நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். ஆழம் அளக்க வேண்டும் என்று டேப்பின் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு முனையை என்னிடம் நீட்டினார். குழிக்குள் இறங்கிப் பாறையில் வைத்துப் பிடித்தேன். நல்ல புது டேப், முனையெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கை தானாக ஒரு அடி தள்ளிப் பிடித்திருக்கிறது.

"ஒண்ணு" என்று கத்தினேன்.

மேலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன சார் ஒண்ணு? அஞ்சடி ஏழு அங்குலம் இருக்கு."

"ஒண்ணுல புடிச்சிருக்கேம்மா. ஒண்ணு கழிச்சு எழுதிக்கோ."